பிளட்ஷாட் கண்ணும் கோபக் கண்ணும் ஒன்றா?

காட்பாடியிலிருந்து கேட்டவர் ஓர் ஆங்கிலச் சிறுகதையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறார். மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இரவெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற தகப்பன், விடியற்காலையில் வருகிற நர்ஸை நிமிர்ந்து பார்க்கிறார். அந்தக் கண்களுக்கு மூலத்தில் இருக்கிற சொல் 'பிளட்ஷாட்'. இவர் 'கண்கள் சிவக்க நர்ஸைப் பார்த்தார்' என்று எழுதியிருக்கிறார். படித்துத் திருத்தியவர் அதை அடித்துவிட்டு 'தூக்கமில்லாமல் சிவந்துபோன கண்களோடு பார்த்தார்' என்று மாற்றிவிட்டார். அந்த வாக்கியத்தில் தூக்கம் என்ற சொல்லே இல்லாதபோது இது கூட்டிச் சொல்வதாகாதா, ஷாட் என்றால் சுடுவதா ஊசியா, கண் டாக்டரிடம் போய் இந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஆங்கிலக்காரர் சொல்லும் சிவந்த கண்ணும் நாம் சொல்லும் சிவந்த கண்ணும் ஒன்றா? ஒன்றல்ல. திருத்தியவர் செய்தது சரி. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அது தவறாகலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சொல் எதைக் குறிக்கிறது என்பது. பிளட்ஷாட் என்பது கண்ணின் வெள்ளைப் பகுதியைப் பற்றிய சொல். கருவிழியையோ இமையையோ பார்வையையோ அது பேசுவதில்லை. வெள்ளையின் மேல் கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது, கன்ஜங்டைவா என்பார்கள். அதில் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் எப்போதும் உண்டு. சாதாரண நேரத்தில் அவை ஒடுங்கியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தூக்கம் கெட்டால், அழுதால், குடித்தால், புகை பட்டால், தூசி விழுந்தால், கண் உலர்ந்தால் அவை விரிந்து ரத்தம் நிறைகின்றன. அப்போது வெள்ளையில் சிவப்பு இழை இழையாக ஓடுவது தெரிகிறது. அந்த இழையோட்டம்தான் பிளட்ஷாட். ரத்தம் வெளியே வரவில்லை, சிந்தவில்லை, தெறிக்கவில்லை. அதனால் 'ரத்தம் தெறித்த கண்', 'குருதி வழியும் கண்' போன்றவை முழுத் தவறு. 'ரத்தம் கட்டிய கண்' என்பதும் பொருந்தாது, அது வேறொரு நிலையின் பெயர்.

ஷாட் என்பது இங்கே துப்பாக்கியுமல்ல, ஊசியுமல்ல. ஷூட் என்ற வினைக்குப் பாய்தல், ஊடே செலுத்துதல் என்ற பொருள் பழைய காலத்திலிருந்தே உண்டு. அதன் இறந்தகால எச்சம்தான் இந்த ஷாட். 'பிளட்ஷாட்டன்' என்று வழங்கிய சொல் 16ஆம் நூற்றாண்டு வாக்கில் பிளட்ஷாட் என்று குறுகியது. ஒன்றின் ஊடாக இன்னொன்று இழையாகப் பாய்ந்திருப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். இதே ஷாட் துணிக் கடையிலும் இருக்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்த பட்டை ஆங்கிலத்தில் 'ஷாட் சில்க்' என்பார்கள். பழைய வட ஆற்காட்டு மாவட்டத்து ஆரணியில் மயில்கழுத்து நிறம் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்களே, நீலத்துக்குள் பச்சை ஓடி, மடிப்பு அசையும்போது மாறி மாறித் தெரியுமே, அந்தச் சேலைதான். நீலத்தில் பச்சை பாய்ந்திருப்பது போல வெள்ளையில் சிவப்பு பாய்ந்திருக்கிறது. இந்த ஒப்பு மனதில் இருந்தால் சொல்லைத் தவறாகக் கையாள மாட்டீர்கள். முழுக் கண்ணும் ஒரே சிவப்பாக இருப்பதைக் காட்டிலும் கீறல் கீறலாகச் சிவந்திருப்பதற்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்தும்.

இனி நம் பக்கம். சிக்கல் தமிழில்தான் இருக்கிறது. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. நிறத்தைக் குறிப்பதற்கும் அவை உரியவை என்பதை அடுத்த நூற்பாவில்தான் சொல்கிறது. அதாவது தமிழில் சிவத்தல் என்றால் கோபித்தல் என்பது இலக்கண நூல் எழுதிய காலத்திலேயே வேரூன்றிய பொருள். ஆங்கில பிளட்ஷாட்டில் அந்த வேர் இல்லை. அந்தச் சொல்லைப் படிக்கிற ஆங்கில வாசகர் முதலில் நினைப்பது களைப்பை, குடியை, அழுகையை. 'கண்கள் சிவக்க' என்று படிக்கிற தமிழ் வாசகர் முதலில் நினைப்பது அடிக்கக் கை ஓங்குகிற ஆளை. உங்கள் வாக்கியத்தில் அந்தத் தகப்பன் நர்ஸிடம் சண்டைக்குப் போவதாக ஆகிவிட்டது. கதையின் மிக மென்மையான இடம் அங்கே உடைந்துபோகிறது.

ஆனால் தமிழில் உடம்பின் சிவப்பைச் சொல்ல வழியில்லை என்று எண்ண வேண்டாம். வழி சொல்லில் இல்லை, வாக்கிய அமைப்பில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 'அவன் கண் சிவந்தான்' என்றால் ஆள் எழுவாய், சிவத்தல் அவன் செய்கிற செயல், பொருள் கோபம். 'கண்கள் சிவக்கக் கத்தினான்' என்று இன்னொரு வினையோடு ஒட்டினாலும் கோபம். 'அவன் கண் சிவந்துபோயிருந்தது', 'சிவந்து கிடந்தது' என்றால் கண் எழுவாய், சிவப்பு அதற்கு நேர்ந்த நிலை, பொருள் உடம்பு. பேச்சிலும் இந்தப் பிரிவை நம் ஊர்க்காரர்கள் தவறவிடுவதில்லை. 'இன்னாடா கண்ணு கோவப்பழமாட்டம் செவந்து கீது, ராத்திரி தூங்கலியா?' என்று கேட்கிற வேலூர்த் தாய் மகனைக் கோபக்காரன் என்று சொல்லவில்லை. 'போயிருந்தது', 'கிடந்தது', 'கீது' என்கிற இந்தத் துணைவினைதான் கோபத்தை நீக்கி நிலையைச் சொல்கிறது. 'சிவந்தன' என்று மொட்டையாக முடித்தால் இரண்டுக்கும் நடுவே தொங்கும். அப்போது முன்பின் வரிகள்தான் காப்பாற்ற வேண்டும்.

பழைய பாட்டிலும் உடம்பின் சிவப்பு வந்திருக்கிறது. 'நீர்நீ டாடிற் கண்ணும் சிவக்கும்' என்று குறுந்தொகையில் ஒரு தோழி தலைவனிடம் சொல்கிறாள். நெடுநேரம் நீராடினால் கண் சிவக்கும், நிறையத் தின்றவர் வாய்க்குத் தேனும் புளிக்கும் என்று அவனுடைய சலிப்பைச் சுட்டிக் காட்டுகிறாள். குளத்தில் நாள் முழுக்கக் குதித்துவிட்டு வரும் பிள்ளைகளின் கண் ஞாபகத்துக்கு வருகிறதா? அதை ஆங்கிலத்தில் சொன்னால் பிளட்ஷாட்தான். கோச்செங்கணான் என்ற சோழ மன்னனின் கதையில் பேறு ஒரு நாழிகை தள்ளிப்போனதால் குழந்தை சிவந்த கண்ணோடு பிறந்தது என்று வருவதும் கோபமில்லாத சிவப்பு.

மூன்றாவதாக ஒரு சிவப்பும் நம்மிடம் உண்டு, மொழிபெயர்ப்பவர்களை இதுவே அதிகம் ஏமாற்றுகிறது. செவ்வரி என்ற சொல். அரி என்றால் கண்ணில் ஓடும் கோடு. வெள்ளையில் ஓடும் சிவந்த கோடுகள் செவ்வரி. அகராதி வைத்துப் பார்த்தால் பிளட்ஷாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உலகத்தில் இல்லை என்று தோன்றும், ஏனென்றால் இரண்டும் ஒரே ரத்தக் குழாய்களைத்தான் குறிக்கின்றன. ஆனால் தமிழில் 'செவ்வரி ஓடிய கண்' என்பது அழகு. 'அரிமதர் மழைக்கண்' என்று சங்கப் பாடல்கள் கொண்டாடுவது அந்தக் கோடுகளைத்தான். சாராயக் கடையிலிருந்து தள்ளாடி வருகிறவனுக்குச் செவ்வரி படர்ந்த கண் என்று எழுதினால், வாசகர் காதில் காதலியின் கண் விழும். ஒரே குழாய், ஒரே நிறம், ஒரு மொழியில் நோவு, இன்னொரு மொழியில் எழில். ஆகவே இந்தச் சொல்லை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

அப்படியானால் எப்படி எழுதுவது? பிளட்ஷாட் வந்தால் அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு, முன்னால் ஒரு பக்கமும் பின்னால் ஒரு பத்தியும் படித்துக் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அகப்படும். இரவு விழித்திருந்தால் 'தூக்கம் கெட்டுச் சிவந்த கண்கள்' அல்லது 'கண் விழித்துச் சிவந்துபோன கண்கள்'. அழுதிருந்தால் 'அழுது சிவந்த கண்கள்', இது தமிழில் அப்படியே பழகிய தொடர். குடியென்றால் 'போதையில் சிவந்த கண்கள்'. அடுப்புப் புகையென்றால் 'புகையில் எரிந்து சிவந்த கண்கள்'. காரணத்தைச் சொல்வது கூட்டிச் சொல்வதாகாது. பிளட்ஷாட் என்ற சொல் 'உடம்புக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது' என்பதைத் தன்னுள்ளே வைத்திருக்கிறது. தமிழ்ச் சிவப்பில் அது இல்லாததால் அந்த இடத்தை நாம் நிரப்புகிறோம். நிரப்பாமல் விட்டால் கோபம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரணம் எங்குமே அகப்படவில்லையென்றால் 'நரம்போடிச் சிவந்திருந்த கண்கள்' என்று எழுதலாம். மருத்துவப்படி அது நரம்பல்ல, ரத்தக் குழாய். ஆனால் நம் பேச்சில் இரண்டையும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், படிப்பவருக்கு அந்தச் சிவப்பு இழைகள் கண்முன் வரும். 'கண்ணில் ரத்தம் ஏறியது' வேண்டாம், அது திரும்பவும் கோபத்துக்கே இழுத்துப் போகும்.

திருத்தியவர் தவறக்கூடிய இடம் என்று சொன்னேனே, அது இது. எழுத்தாளர் காரணத்தை வேண்டுமென்றே மறைத்திருக்கலாம். கண் சிவந்த ஒருவன் வீட்டுக்குள் வருகிறான், குடித்தானா அழுதானா என்று மனைவிக்குத் தெரியவில்லை, கதையே அந்தச் சந்தேகத்தில் ஓடுகிறது என்று வையுங்கள். அங்கே 'போதையில் சிவந்த' என்று எழுதினால் கதையைக் கொன்றுவிடுகிறோம். அந்த இடத்தில் 'கண்கள் சிவந்துபோயிருந்தன' என்று நிலையை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும். துணைவினை கோபத்தைத் தடுத்துவிடும், சந்தேகமும் கெடாது. உங்கள் கதையில் தகப்பன் இரவெல்லாம் விழித்திருந்தார் என்று முன்பே சொல்லப்பட்டுவிட்டதால் அந்தக் கவலை இல்லை. அவர் அழுதும் இருக்கலாம் என்பதற்குக் கதையில் குறிப்பு இருந்தால் மட்டும் 'தூக்கமில்லாமல்' என்பதை எடுத்துவிடுங்கள்.

ஆங்கிலத்தில் கோபத்தோடு பிளட்ஷாட் வரவே வராதா என்றால், வரும். வெறிகொண்டவனை வர்ணிக்கும்போது சிலர் எழுதுவதுண்டு. ஆனால் அங்கே கோபத்தைத் தனிச் சொல் போட்டுச் சொல்லியிருப்பார்கள்; பிளட்ஷாட் மட்டும் தனியாக நின்று கோபத்தைத் தராது. இதைத் தலைகீழாகவும் நினைவில் வையுங்கள். 'அவர் கண் சிவந்தார்' என்ற தமிழை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது பிளட்ஷாட் போட்டால், படிப்பவர் அவருக்குக் கண்நோய் என்று எண்ணுவார். கோபக் கண்ணுக்கு அவர்கள் நெருப்பைத் தேடுகிறார்கள், கொழுந்துவிட்டு எரிவதைக் குறிக்கும் 'பிளேஸ்' என்ற வினை அதற்குத்தான். 'சீ ரெட்' என்று ஒரு தொடர் இருக்கிறது, கடுங்கோபம் என்று பொருள், ஆனால் அதில் சிவப்பது கண்ணல்ல, கண்ணுக்குத் தெரிகிற உலகம்.

பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றோடு இதைக் குழப்புவார்கள். 'ரெட்-ரிம்டு' என்றால் இமை விளிம்பு சிவந்திருப்பது, பெரும்பாலும் அழுகையால்; வெள்ளை வெள்ளையாகவே இருக்கலாம். 'பிளியரி' என்றால் பூளை கட்டி, நீர் கோர்த்து, பார்வை தெளியாமல் இருப்பது. ராத்திரி ரயிலில் வந்து காட்பாடி ஜங்ஷனில் ஐந்து மணிக்கு இறங்குகிறவரின் கண். 'கிளாஸி' என்பது எதிலும் பதியாமல் பளபளக்கிற கண், காய்ச்சலிலும் போதையிலும் வரும். 'கண்ணாடிக் கண்' என்று எழுதினால் செயற்கைக் கண் என்றாகிவிடும், 'வெறித்த கண்' அல்லது 'நிலைகுத்திய கண்' என்று இடம் பார்த்து எழுத வேண்டும். 'பிங்க் ஐ' என்பது வர்ணனையே அல்ல, நோயின் பெயர், நாம் மெட்ராஸ் ஐ என்று சொல்கிற அதே தொற்று.

வழக்கு பற்றிச் சுருக்கமாக. ஒரே சொல்லாக, நடுவில் கோடில்லாமல் எழுத வேண்டும். அழுத்தம் முதல் அசையில், 'பிளட்' என்பதில். பிளாட் என்று நீட்டக் கூடாது. கண்ணுக்கு முன்னாலும் வரும், 'கண் பிளட்ஷாட்டாக இருக்கிறது' என்று பின்னாலும் வரும். கண்ணைத் தவிர வேறு எதற்கும் ஏறக்குறைய வராது. முகம் பிளட்ஷாட், ஆள் பிளட்ஷாட் என்று சொன்னால் தவறு. காரணம் சொல்ல வேண்டுமானால் 'ஃப்ரம்' சேர்த்துச் சொல்வார்கள். கொஞ்சம், மிகவும் என்று அளவு சேர்க்கலாம். இதை வினையாக்கி 'கண் பிளட்ஷாட் செய்தது' என்ற போக்கில் எழுத முடியாது.

டாக்டரிடம் சொல்லலாமா என்ற கேள்விக்கு: சொல்லலாம், புரியும், ஆனால் அந்தச் சொல்லால் அவருக்குப் பெரிதாக உதவி இல்லை. அது கண்ட காட்சியைச் சொல்கிறதே தவிர நோயைச் சொல்லவில்லை. ஆரணி ரோட்டு ஷெல் கண் ஆஸ்பத்திரியானாலும் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியானாலும் தமிழிலேயே 'கண் சிவந்திருக்கிறது' என்று தொடங்கி, ஒரு கண்ணா இரண்டா, எத்தனை நாளாக, வலி உண்டா, வெளிச்சம் பார்த்தால் கூசுகிறதா, பார்வை மங்குகிறதா, பூளை வருகிறதா, ஏதாவது விழுந்ததா, கான்டாக்ட் லென்ஸ் போடுவதுண்டா என்பதைச் சொன்னால் அதுதான் பயன்படும். சீட்டில் அவர்கள் பிளட்ஷாட் என்று எழுத மாட்டார்கள். 'கன்ஜெஷன்' என்றோ 'இன்ஜெக்ஷன்' என்றோ எழுதுவார்கள். இந்த இரண்டாவது சொல்லைக் கண்டு கண்ணில் ஊசி போடப் போகிறார்கள் என்று பயப்பட வேண்டாம். குழாய்களில் ரத்தம் நிறைந்திருக்கிறது என்பதுதான் அங்கே பொருள், உங்கள் ஷாட் குழப்பத்துக்கு அண்ணன் மாதிரி ஒரு குழப்பம் இது.

ஒன்றை மட்டும் சொல்லின் எல்லையைத் தாண்டிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாச் சிவப்பையும் ஒரே பெயரில் அழைத்துவிட்டுக் காத்திருப்பதில் ஆபத்து இருக்கிறது. இருமினாலோ தும்மினாலோ பளு தூக்கினாலோ ஒரு குழாய் வெடித்து, வெள்ளையில் திட்டாக ரத்தம் பரவி நிற்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், வலி இருக்காது, பார்வை கெடாது, வழக்கமாக இரண்டு வாரத்துக்குள் மஞ்சளித்து மறையும். 'ரத்தம் கட்டிய கண்' என்பது இதுதான். அடிக்கடி வந்தால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சிவப்பு வெள்ளை முழுக்கப் படராமல் கருவிழியைச் சுற்றி வளையமாக அடர்ந்திருந்து, கூடவே வலியும் கூச்சமும் பார்வை மங்கலும் இருந்தால் அது தூக்கக் கலக்கம் அல்ல; அன்றைக்கே காட்ட வேண்டும். கண்ணில் ரசாயனம் பட்டிருந்தால், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், முதலில் சுத்தமான தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு சிவப்பைச் சீக்கிரம் அடக்கும், ஆனால் உள்ளே புண் இருந்தால் அதை வளர்த்துவிடும், நாளானால் கண் அழுத்தத்தையும் ஏற்றும். சிவப்பை வெளுக்க வைக்கும் மற்றச் சொட்டுகள் குழாய்களைச் சுருக்குகின்றன, தொடர்ந்து போட்டு நிறுத்தும்போது முன்பைவிடச் சிவக்கும். இலைச்சாறு, தாய்ப்பால் விடுவது வேண்டவே வேண்டாம்.

உங்கள் வாக்கியத்துக்குத் திரும்பினால், திருத்தியவர் எழுதியதையே இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். 'பார்த்தார்' என்பது மூலத்தின் 'நிமிர்ந்து' என்பதை விட்டுவிட்டது. குனிந்திருந்தவர் காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்குகிறார், அப்போதுதான் நர்ஸுக்கு அந்தக் கண் தெரிகிறது. கண்ணை எழுவாயாக வைத்து எழுதினால் கோபத்துக்கு இடமே இருக்காது: 'அவர் நிமிர்ந்து பார்த்தார். இரவெல்லாம் விழித்திருந்ததில் கண்கள் சிவந்துபோயிருந்தன.'